பாதிப் பட்டை

இந்தக் கதையை 1973 ஆம் ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த நான்காம் நாள், இலந்தைப்புலத்தில் கேட்டு எழுதினேன். சொன்னவர் மூத்ததம்பி ஐயாத்துரை. கிணறு வெட்டுபவர், அப்போது வயது எழுபத்தொன்று. அவருக்குச் சொன்னவர் அவருடைய தகப்பனார் மூத்ததம்பி. தகப்பனாரும் அதே தொழில் செய்தவர்தான். கதைக்குள் அலவாங்கென்னும் கடப்பாரையோடு வருகிறவர் அவரே. கதையின் போக்கை நான் மாற்றவில்லை. பேச்சுக்களை ஐயாத்துரையின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். சொல்லும்போது இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இரண்டு முறையும் செம்பை எனக்கும் நீட்டினார்.

வடகரையில், கடலிலிருந்து அரை மைல் உள்ளே, முருக்கந்தறை என்றொரு குறிச்சி. அங்கே மலையில்லை, ஓடையில்லை, ஆறில்லை. முழங்கால் ஆழத்துக்குச் செம்மண். அதன் கீழ் சுண்ணாம்புக்கல். தேனடைபோல் துளைத்த கல். எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் ஒரு நாழிகைக்கு மேல் தரையில் நில்லாது; கல் குடித்துவிடும்.

தோட்டமென்பது அங்கே கிடைத்த நிலமன்று, செய்த நிலம். முன்னோர் கல்லை உடைத்து எல்லையில் மதிலாக அடுக்கினார்கள். உடைத்த பள்ளத்தில் கடகம் கடகமாக மண் சுமந்து கொட்டினார்கள். பூவரசங்குழை வெட்டி மண்ணுக்குள் புதைத்தார்கள். மாடு கட்டி எருவேற்றினார்கள். அப்படிச் செய்த பதினொரு தோட்டங்களுக்கு ஒரே கிணறு. கிணறு மடத்து வளவில் இருந்தது.

மடத்தில் இருந்தவர் சிதம்பரத்தை. நாற்பதைக் கடந்த பெண்மணி. காவி உடுத்தவில்லை, உருத்திராக்கம் அணியவில்லை. விடியலில் ஒருவர் ஏற்றத்துலாவின்மேல் நடந்து மிதிக்க, நீர் நிறைந்து மேலே வரும் பனையோலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பது அவர் வேலை. வந்தவர்க்கு மத்தியானத்தில் கூழ் ஊற்றுவார். கேட்டவர்க்கு ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். ஊரவர் அவரை மடத்து அம்மா என்பார்கள்.

அவருக்கு ஒரே சீடர். பெயர் வினாசித்தம்பி, வயது ஐம்பத்தெட்டு. மலாயாவில் ரெயில் பாதை போடுவதற்குக் கல்லுடைத்த கூட்டங்களை மேற்பார்த்தவர். பென்சனோடு ஊர் திரும்பியவர். ஒரு நாள் வெயிலுக்கு மடத்தில் ஒதுங்கினார்; பிறகு போகவில்லை. அம்மா சொல்வதையெல்லாம் தடித்த மட்டைக் கொப்பியொன்றில் எழுதி, பக்கத்தில் அதன் உட்பொருளையும் எழுதுவார்.

ஒருநாள் காலை இறைப்பு முடிந்து எல்லாரும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வினாசித்தம்பியர் கேட்டார்:

“அம்மா, அங்கை பேராக் எண்டு ஒரு ஆறு. இந்தக் கரையிலை நிண்டு பார்த்தால் அந்தக் கரையிலை நிக்கிற மாடு ஆட்டுக்குட்டி போலைதான் தெரியும். கேட்பாரில்லாமல் ஓடுது. இங்கை ஒரு பாத்தி நனைக்க மூண்டுபேர் முறியினம். ஆண்டவன் ஏன் இந்த ஊருக்கு ஒரு ஆறு வைக்கேல்லை?”

சிதம்பரத்தை செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“குடியுங்கோ.”

குடித்தார்.

“எப்பிடி?”

“நல்ல தண்ணி.”

“அப்ப நாளைக்குக் கேளுங்கோ.”

மறுநாள் கேட்டார். மறுபடியும் செம்பு வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. கிணற்றுப் பங்காளிகளில் ஒருத்தியான நாகாத்தை வாயைப் பொத்தவில்லை.

“மலாயாக்காரர் ஆறு கேட்டுக் கேட்டே கிணத்தை வத்தப்பண்ணிப் போடுவார்.”

எல்லாரும் சிரித்தார்கள். வினாசித்தம்பியரும் சிரித்தார். அன்று கொப்பியில் எழுதினார்: ‘நீர் என்பது அருள். கேள்வி என்பது தாகம்.’

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுமுறையானாலும் கடைசிப் பட்டையில் பாதியைத்தான் வாய்க்காலில் ஊற்றுவார்கள். மற்றப் பாதியைத் திரும்பக் கிணற்றுக்குள் ஊற்றிவிட்டுத் துலாவைக் கட்டுவார்கள்.

வினாசித்தம்பியருக்கு அது பொறுக்கவில்லை.

“இறைச்சதைத் திருப்பி ஊத்திறதாலை கிணத்துக்கு என்ன லாபம், அம்மா?”

“கிணத்துக்கு ஒண்டுமில்லை.”

“பிறகேன்?”

“கை நிக்கிறதுக்கு.”

‘கை என்பது மனம்,’ என்று எழுதினார்.

அடுத்த வருடம் கார்த்திகை மழை பொய்த்தது. மூன்று நாள் தூறி விட்டுப் போய்விட்டது. பங்குனியில் நட்ட குரக்கன் வைகாசியில் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. கேழ்வரகைத்தான் அங்கே குரக்கன் என்பார்கள். பதினொரு வீட்டுக்கும் தை வரைக்கும் அதுதான் சாப்பாடு. மடத்துக் கூழும் அதுதான். கதிர் பால் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக்கூடாது.

கிணற்றின் உட்சுவரில் ஒரு கல் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீர் அந்தக் கல்லுக்குக் கீழே போனால் இறைப்பை நிறுத்திக் கிணற்றை ஆறவிடுவார்கள். நீர் மறுபடி கல்லைத் தொடும்போது அடுத்த வீட்டுமுறை. நல்ல காலத்தில் ஒரு மணி நேரத்தில் தொடும். அந்த வைகாசியில் அரை நாள் ஆயிற்று.

“எங்கட முறை வர அஞ்சு நாள் செல்லும்,” என்றாள் நாகாத்தை. “பயிர் அஞ்சு நாள் பொறுக்குமோ? எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்.”

வினாசித்தம்பியர் அதைக் கேட்டார். அன்று கயிற்றில் இறங்கிக் கிணற்றின் அடிப்பாறையை அலவாங்கால் தட்டிப் பார்த்தார். குடத்தைத் தட்டினாற்போல் ஒலித்தது. முப்பது வருடம் கல்லோடு வாழ்ந்த மனிதர். அந்த ஒலியை அறிவார். மேலே வந்ததும் ஈரவேட்டியோடு அம்மாவிடம் போனார்.

“அம்மா, அடியிலை ஒரு முழக் கனத்திலை கல்லுப் பார் ஒண்டு கிடக்கு. அதுக்குக் கீழை தண்ணி நிரம்பிக் கிடக்கு.”

“ஓம், கிடக்கு.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் உடைக்கேல்லை?”

சிதம்பரத்தை அடுப்படிக்குப் போனார். காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு சட்டியில் இருந்தது. அதையும் ஓர் அகப்பையையும் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்.

“ஆடையை மட்டும் எடுங்கோ.”

வினாசித்தம்பியர் அகப்பையை விட்டார். ஆடை கிழிந்தது, அடியிலிருந்து பால் பொங்கி மேலே பரவியது. ஆடை துண்டு துண்டாக அதில் மிதந்தது.

சிதம்பரத்தை அகப்பையை வாங்கி வைத்துவிட்டு, மறு சட்டியைக் கொண்டுவந்தார். ஒரு பனையோலைத் துண்டைக் கையில் கொடுத்தார். ஓலையைச் சரித்து மேலாகத் தள்ளியபோது ஆடை மடிந்து முழுதாக வந்தது.

“மேலை இருக்கிறதை மேலாலை எடுக்கவேணும். கீழை போனால் கீழை இருக்கிறதுதான் வரும்,” என்றார்.

கீழே என்ன இருக்கிறது என்று வினாசித்தம்பியர் கேட்கவில்லை. கண் கலங்கி, கை கூப்பிவிட்டுப் போய்க் கொப்பியை விரித்தார். ‘பாலாடை என்பது ஞானம். பால் என்பது உலகம். ஞானத்தை மெல்ல எடுக்கவேண்டும்.’

மூன்று நாள் கழித்து, பக்கத்து ஊரில் தங்கையின் பிரசவத்துக்கென்று சிதம்பரத்தை புறப்பட்டார். “ஏழாம் நாள் வருவன். முறையைத் தவறவிடாதேங்கோ,” என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கே குரக்கன் இலை சுருளத் தொடங்கியது. வினாசித்தம்பியர் கிணற்றுக்கட்டில் இருந்து கொப்பியைப் புரட்டினார். ‘மெல்ல எடுக்கவேண்டும்’ என்ற இடத்தில் நிறுத்தினார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு கிணறு வெட்டும் மூத்ததம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மூத்ததம்பி அலவாங்கோடும் கயிற்றோடும் வந்தான். அடிப்பாறையை உடைக்கவேண்டும் என்றதும் அலவாங்கைக் கீழே வைத்தான்.

“ஐயா, அம்மா சொன்னவவோ?”

“சொன்னவ.”

“உடைக்கச் சொன்னவவோ?”

“மெல்ல எடுக்கச் சொன்னவ. ஆனபடியால் வெடி வேண்டாம். அலவாங்காலை ஒரு கை போகிற அளவு துளை போதும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

மூத்ததம்பி பங்காளிகளைப் பார்த்தான். அவர்களில் மூத்தவரான இளையதம்பியர் தாடியைத் தடவினார். “என்ர அப்பு காலத்திலும் இந்தப் பார் உடைபடேல்லை,” என்றார்.

“உங்கட அப்பு காலத்திலை என்ர குரக்கன் வாடேல்லை,” என்றாள் நாகாத்தை. “மலாயாவிலை மலையைக் குடைஞ்சு ரெயில் விட்ட மனுசன். ஒரு துளை போட அவருக்குத் தெரியாதோ? வெட்டட்டும்.”

இரண்டு நாள் வெட்டினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அலவாங்கு சட்டென்று உள்ளே போயிற்று. மூத்ததம்பி அதை இழுத்தெடுத்ததும் துளையிலிருந்து நீர் அவன் முழங்காலுக்கு எழும்பியது. அவன் கயிற்றைப் பற்றிக் கரையேறினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் அடையாளக் கல்லைத் தொட்டது, தாண்டியது, இரண்டு சாண் மேலே ஏறி நின்றது.

நாகாத்தை பட்டையில் மொண்டு ஒரு கை அள்ளிக் குடித்தாள். குளிர்ச்சியாக இருந்தது, நன்றாக இருந்தது. தன் சேலைத் தலைப்பால் வினாசித்தம்பியரின் முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள்.

“ஐயா, பகிடி பண்ணினதுக்கு மன்னியுங்கோ.”

வினாசித்தம்பியர் கிழக்கே திரும்பிக் கும்பிட்டார். அம்மாவுக்குத் தன்னால் கொடுக்கக்கூடிய காணிக்கை இதுதான் என்று நினைத்தார்.

அன்றும் மறுநாளும் துலா ஓயவில்லை. பதினொரு தோட்டமும் வாய்க்கால் வழியக் குடித்தன. கிணற்றை ஆறவிட வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு நாளும் ஒருவரும் பாதிப் பட்டையைத் திருப்பி ஊற்றவில்லை. எது கடைசிப் பட்டை என்பது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாகாத்தையின் உலையில் பயறு அவியவில்லை. விறகைக் குறை சொன்னாள். நான்காம் நாள் வாய்க்கால் ஓரங்களில் வெண்மையாக ஒரு கோடு படிந்திருந்தது. ஐந்தாம் நாள் காலை இளையதம்பியர் ஒரு குரக்கன் தோகையைப் பறித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். நுனி தீய்ந்திருந்தது. அதை வினாசித்தம்பியரின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் சிதம்பரத்தை திரும்பி வந்தார். பதினொரு வீட்டாரும் கிணற்றடியில் நின்றார்கள். அவர் தோள்மூட்டையை இறக்காமலே பட்டையிலிருந்து ஒரு கை நீர் அள்ளினார். வாயில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கினார்.

“கடல் வந்திட்டுது,” என்றார்.

நீர் சொட்டிய கையைச் சேலையில் துடைத்தார்.

“ஆர் உடைச்சது?”

“நான், அம்மா,” என்றார் வினாசித்தம்பியர்.

“நான் தானே அலவாங்கு பிடிச்சனான்,” என்றான் மூத்ததம்பி.

“வெட்டச் சொன்னது நான்,” என்றாள் நாகாத்தை.

சிதம்பரத்தை மூவரையும் பார்த்தார். பிறகு சீடரிடம் திரும்பினார்.

“பாலும் ஆடையும் காட்டினனானே?”

“ஓம் அம்மா. அதாலைதான் மெல்ல வெட்டினம்.”

“கொப்பியைக் கொண்டு வாங்கோ.”

கொண்டுவந்து கொடுத்தார். சிதம்பரத்தை அந்தப் பக்கத்தை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“மலாயாக்காரர், நான் தண்ணியைப் பற்றிச் சொன்னனான். பெய்யிற மழை கல்லுக்குள்ளாலை இறங்கி, கடல்தண்ணிக்கு மேலை மிதக்குது. பாலுக்கு மேலை ஆடை கிடக்கிறது மாதிரி. ஆடையாலைதான் இந்த ஊர் சீவிக்குது. கீழை கிடக்கிறது கடல்.”

“அதுக்கு வேறை பொருள் இல்லையோ, அம்மா?”

“இல்லை.”

வினாசித்தம்பியர் கொப்பியைப் பிடித்தபடி நின்றார்.

“பிழை எனக்கும் இருக்கு,” என்றார் சிதம்பரத்தை. “உப்பு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கொப்பி எழுதிற ஆள் எண்டதை மறந்துபோனன்.”

மூட்டையை இறக்கிச் சேலையைச் செருகினார்.

“புத்துமண் கொண்டு வாங்கோ. சுண்ணாம்பும் பனந்தும்பும் வேணும். காலமை கடல் வத்துற நேரம் பார்த்து இறங்குவம்.”

மறுநாள் காலை கடல் வற்றியபோது கிணற்று நீரும் ஒரு சாண் இறங்கியது. மூத்ததம்பியும் வினாசித்தம்பியரும் இறங்கினார்கள். புற்றுமண்ணையும் சுண்ணாம்பையும் பனைநார்த் தும்பையும் குழைத்து, ஒரு கல்லைச் சுற்றி அப்பி, நீருக்குள் முக்குளித்துத் துளையில் இறுக்கினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வினாசித்தம்பியர் பதினேழு தரம் முக்குளித்தார் என்று மூத்ததம்பி எண்ணியிருக்கிறான். கடைசி முறை அவரைக் கயிற்றில் கட்டித்தான் தூக்கினார்கள்.

நாகாத்தை மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“மலாயாக்காரர், உங்கட ஆறு எந்தப் பக்கம் ஓடுது?”

யாரும் சிரிக்கவில்லை. கேட்டவளே அழுதாள்.

துளை அடைபட்டது, ஆனால் கிணற்றில் நின்ற நீர் கரித்தது. மழை பெய்து கல் நிறையும்வரை அது கரிக்கும் என்று சிதம்பரத்தை சொன்னார். குரக்கனில் கதிர் பால் பிடிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு மைல் தெற்கே ஆலங்கொல்லையில் ஒரு பங்குக் கிணறு உண்டு. அதிலும் நீர் குறைந்துதான் கிடந்தது. அதன் பங்காளிகளில் பெரியவர் சரவணை என்பவர். யாருக்கும் ஒரு முருங்கைக்காய்கூடக் கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர்.

“நீங்களே போய்க் கேளுங்கோ,” என்றார் சிதம்பரத்தை.

வினாசித்தம்பியர் போனார். சரவணை தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார், நிமிராமலே கேட்டார்.

“கிணத்தைத் துளைச்சுப்போட்ட பென்சன்காரர் நீங்கள்தானோ?”

“நான்தான்.”

“எத்தினை வீடு?”

“பதினொண்டு.”

“துளையை அடைச்சிட்டியளோ?”

“அடைச்சிட்டம்.”

“நல்லா அடைச்சியளோ?”

“பதினேழு தரம் முக்குளிச்சு அடைச்சது.”

சரவணை நிமிர்ந்தார்.

“உங்கட கல்லும் எங்கட கல்லும் ஒரே கல்லு, ஐயா. உங்களுக்குக் கரிச்சால் நாளைக்கு எங்களுக்கும் கரிக்கும். அடைச்சது நீங்கள் செய்த உபகாரம். எங்கட முறையிலை பாதி எடுங்கோ.” மறுபடி குனிந்தார். “கடைசிப் பட்டையிலை பாதி கிணத்துக்கு. அதை மறந்தியள் எண்டால் துலாவிலை உங்களைத்தான் கட்டுவன்.”

அன்றிலிருந்து பதினொரு வீட்டாரும் தோளில் காவுதடி வைத்து அதில் குடம் தூக்கினார்கள். வாய்க்காலில் விட நீரில்லை; செடியின் அடியில் தேங்காய்ச் சிரட்டையால் ஊற்றினார்கள். தீய்ந்ததை விட்டார்கள், பச்சை இருந்ததைக் காப்பாற்றினார்கள்.

வினாசித்தம்பியர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு நடை நடந்தார். தோளில் தோலுரிந்தது. முதல் நாள் ஆலங்கொல்லையில் முறை முடியும்போது, அவர் பட்டையைப் பிடித்துப் பாதியை ஊற்றிவிட்டு நின்றார். குடங்கள் இன்னும் இரண்டு வெறுமையாக இருந்தன. நாகாத்தையின் தோட்டத்தில் ஒரு வரிசை நனையாமல் இருந்தது. அவருக்கு அது தெரியும். கையில் இருந்த பாதிப் பட்டையைப் பார்த்தார். பிறகு கிணற்றுக்குள் ஊற்றினார். அது விழும் ஓசை கேட்கும்வரை நின்றார்.

குரக்கனில் பாதிக்குச் சற்று அதிகம் பிழைத்தது. அதைப் பதினொரு வீட்டாரும் ஒரே களத்தில் மிதித்து, தீய்ந்த தோட்டமென்றும் பிழைத்த தோட்டமென்றும் பாராமல் பிரித்தார்கள். ஒரு கடகம் ஆலங்கொல்லைக்குப் போனது. சரவணை அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் மடத்துக்கு வந்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. நீர் தரையில் ஓடவில்லை, தேங்கவுமில்லை. வினாசித்தம்பியர் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கிணற்றுக்கட்டில் குந்தியிருப்பார். உள்ளே கல் வெடிப்புகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும் ஓசை கேட்கும். கூழ் குடிக்கக் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

“என்ன செய்யிறியள் அங்கை?” என்று கேட்பார் சிதம்பரத்தை.

“கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

“கொப்பி நனையப்போகுது.”

“கொப்பி கொண்டுவரேல்லை, அம்மா.”

மார்கழியில் கிணறு சற்றே கரித்தது. தையில் கரிப்பா இல்லையா என்று இருவர் வாக்குவாதப்பட்டார்கள். மாசி பிறந்த அன்று காலை சிதம்பரத்தை ஒரு செம்பு மொண்டு தானே சிறிது குடித்துப் பார்த்தார். பிறகு சீடரைக் கூப்பிட்டுச் செம்பை நீட்டினார்.

“குடியுங்கோ.”

வினாசித்தம்பியர் இரண்டு கையாலும் வாங்கிப் பாதி குடித்தார்.

“எப்பிடி?”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல தண்ணி,” என்றார்.

“அப்ப கேளுங்கோ.”

“என்னத்தை, அம்மா?”

“ஆண்டவன் ஏன் ஆறு வைக்கேல்லை எண்டு நெடுகக் கேட்டனீங்கள். இண்டைக்குக் கேளுங்கோ.”

வினாசித்தம்பியர் தலை குனிந்தார். “ஏன் வைக்கேல்லை?”

“பேராக் தண்ணி எங்கை போகுது?”

“கடலுக்கு.”

“அந்த ஊரிலை நிக்காதோ?”

“நிக்காது, அம்மா. ஓடிப்போயிடும்.”

சிதம்பரத்தை கிணற்றைக் காட்டினார்.

“இது எங்களோடை நிண்டது.”

வினாசித்தம்பியர் செம்பில் மிஞ்சியிருந்த பாதியைக் கிணற்றுக்குள் ஊற்றினார்.

ஐயாத்துரை கதையை இந்த இடத்தில் நிறுத்தினார். ஆலங்கொல்லையில் 1975 இல் நான் கேட்ட வடிவில் சரவணைக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாக உண்டு, முருங்கைக்காய் இல்லை. முடிவு ஒன்றே.

தீவுப்பகுதியில் மட்டும் முடிவு வேறு. அங்கே 1978 இல் மீன் உலர்த்தும் மரியப்பிள்ளை என்பவர் சொன்னபடி, அந்தக் கிணறு பிறகு ஒருபோதும் இனிக்கவில்லை. எத்தனை மழை பெய்தும் கரித்தது. சீடர் தம் ஆயுள் முழுவதும் அயலூரிலிருந்து மடத்துக்குக் காவுதடியில் நீர் சுமந்தார். சுமந்துவந்த கடைசிக் குடத்தில் பாதியை ஒவ்வொரு நாளும் அந்த உப்புக் கிணற்றுக்குள் ஊற்றுவார். ஊரவர் பொறுக்காமல் அம்மாவிடம் முறையிட்டார்கள்: “கரிக்கிற கிணத்துக்கு நல்ல தண்ணியை ஊத்துறாரே, இது ஆருக்குப் போய்ச் சேரும்?”

மரியப்பிள்ளை சொன்ன வடிவில் அம்மாவின் மறுமொழி இது:

“ஆருக்கெண்டு தெரியாது. கீழை கல்லு ஒண்டுதான். ஊத்தட்டும்.”